ஃபோர்ட் நாணயக் கடையும் 1949 'பேட்டர்ன்' தட்டும்

மும்பை ஃபோர்ட்டில் மாடியில் இருக்கும் அந்தப் பழைய நாணயக் கடைக்குப் போகலாமா என்று மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் கேட்கிறார்கள். அணா வரிசைக் காசுகளுக்குத் தாராளமாகப் போகலாம். தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள், விலையும் நியாயம். பேட்டர்ன் காசுகள் வைத்திருக்கும் தட்டை மட்டும் தராசு இல்லாமல் தொடாதீர்கள்.

புழக்கத்துக்கு விடுமுன் வடிவமும் உலோகமும் சரிவருமா என்று நாணயச்சாலை அடித்துப் பார்க்கும் மாதிரிக்குத்தான் பேட்டர்ன் என்று பெயர். 1947-ல் விடுதலை வந்தபிறகும் ஆறாம் ஜார்ஜ் தலைக்காசுதான் ஓடியது. 1950 ஆகஸ்ட் 15-ல்தான் சிங்கமுகத் தூண் பொறித்த அணா வரிசை வெளியானது. ரூபாயில் இருந்த புலியின் இடத்துக்குத் தானியக் கதிர் வந்தது. ஒரு நாடு தன் காசுக்கு முகம் தேடிய இடைக்காலம் அது. அதனால்தான் இத்தனை கிராக்கி, இத்தனை போலி.

கடையில் 'நிக்கல் ரூபாய், 1949 பேட்டர்ன்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். எடை எழுதவில்லை. இது பெரிய குறை. 1950 நிக்கல் ரூபாய் 11.66 கிராம், விட்டம் 28 மி.மீ. அதே அளவில் இரும்பில் அடித்து முலாம் பூசினால் ஏறக்குறைய 10.3 கிராம்தான் வரும். காந்தம் இரண்டையும் இழுக்கும். ஆகவே காந்தத்தை மட்டும் நம்பக்கூடாது.

0.01 கிராம் காட்டும் சிறு தராசு போதும். முதலில் காசை நிறுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்க விடுங்கள். தராசு இப்போது காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை, அதுவே காசின் கன அளவு. 1.31 காட்டினால், 11.66-ஐ அதால் வகுக்க 8.9 வரும், நிக்கலின் அடர்த்தி அதுதான். காசில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு தவறிவிடும், நூலை மெல்ல ஆட்டி உதிர்த்துவிடுங்கள். செம்பு-நிக்கல் கலவைக்கும் ஏறக்குறைய இதே அடர்த்தி. ஆனால் அது காந்தத்தில் ஒட்டாது. சதுர இரண்டணா அந்தக் கலவைதான். அது ஒட்டினால் வேறு உலோகத்து மாதிரியாக இருக்கவேண்டும், இல்லையேல் போலி. எது என்பதை விற்பவர்தான் நிரூபிக்கவேண்டும்.

அடுத்தது ஆண்டு எண். 1950 காசின் எண்ணைத் திருத்தி 1949 ஆக்கியிருக்கலாம். பத்து மடங்கு லென்ஸில் எண்ணைச் சுற்றியுள்ள தளம் மட்டும் பள்ளமாகவோ பளபளப்பாகவோ தெரிந்தால் வாங்காதீர்கள். ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால் அது வார்ப்பு, அதாவது அச்சால் அடிக்காமல் உருக்கி ஊற்றிய போலி.

கடைமீது இன்னொரு வருத்தம், மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள். மும்பை மழைக்காலத்தில் அவை பச்சைப் பிசுக்கு விடும். வாங்கியவுடன் அசிட்டோனில் முக்கி எடுங்கள், தேய்க்கவேண்டாம், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு மைலார் எனும் பாலியெஸ்டர் உறைக்கு மாற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

முதல்முறை வாங்குவோர் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அதுவும் ஃபோர்ட்டில்தான், திங்கட்கிழமை மூடியிருக்கும். அசல் அணா வரிசையின் எழுத்தழுத்தம் கண்ணில் பதியும்.

கடைக்காரர் எடைபோட மறுப்பதில்லை, அதைப் பாராட்டவேண்டும். பில்லில் 'பழைய நாணயம்' என்றுதான் எழுதுகிறார். 'பேட்டர்ன்', உலோகம், எடை மூன்றையும் எழுதி, போலியென்றால் பணம் திருப்பித் தரப்படும் என்று கையெழுத்துப் போட்டால் மட்டும் வாங்குங்கள்.