தொட்டி ஃபேன்: கச்சானில் தேவை, கடுப்பும் அதோடுதான்

தண்ணீர்ச்செடி வளர்க்கிற கண்ணாடித் தொட்டியின் விளிம்பில் கவ்வி நிற்கிற குட்டி ஃபேன் விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று அக்கரைப்பற்றிலிருந்து மச்சான் கேட்கிறான். என்னுடையது போன கிழமைதான் பேரிங் மாற்றி வந்தது. அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை.

நியாயமாகச் சொன்னால் சாமான் நல்லது. மட்டக்களப்புக் கல்லடியில் கச்சான் என்கிற வறண்ட வெக்கைக் காற்று வீசத் தொடங்கினால் மத்தியானத்தில் தண்ணீர் 32 பாகைக்குப் போகும். ஃபேன் ஓடினால் 29க்கு வரும். நான் வைத்திருப்பது கிரிப்டோகொரைன் த்வைட்டேசி. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத செடி, ஆனால் தென்மேற்கு மழைக்காட்டு நிழலுக்குப் பிறந்தது. புது இலை விடுவதற்கு மாதக்கணக்கில் யோசிக்கும். ஃபேன் பூட்டிய பிறகு, கரும்பச்சை இலைகள் நடுவிலிருந்து சுற்றிவர விரிந்து நிற்கிற அழகைப் பார்த்து, வீட்டுக்கு வருகிறவர்கள் பிளாஸ்டிக்கா என்று கேட்கிறார்கள்.

சத்தம் நுளம்பு மாதிரி. அது பழகிவிடும். பழகாதது தண்ணீர் ஊற்றுகிற வேலை.

தண்ணீர் ஆவியாவதால்தான் தொட்டி குளிர்கிறது. போவது தண்ணீர் மட்டும். கல்சியமும் உப்பும் உள்ளேயே கிடக்கும். கச்சானில் மட்டம் நாளாந்தம் இறங்கும். இங்கே கிணறுகள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் இருப்பவை, வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் ஊற்றினால் கரைந்திருக்கிற கல்சியம் கூடி வன்மை ஏறிக்கொண்டே போகும், த்வைட்டேசிக்கு அது ஆகாது. நான் வெளியூர் போயிருந்தபோது வீட்டில் அன்பாக வாளி வாளியாய்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். திரும்பி வந்தால் இலையெல்லாம் கூழ். கிழங்கைப் பிடுங்காமல் விட்டதால் மறுபடி துளிர்த்தது, அதுவும் தன் வசதிக்கு.

அப்புறம் மழைத் தண்ணீர்தான் கதி. மாரியில் கூரை கழுவுப்பட்ட பிறகு பீலியிலிருந்து பரலில், அதாவது பீப்பாயில், பிடித்து, நுளம்பு வராமல் மூடி வைத்தால் கச்சானுக்கு உதவும். மாரியில் ஃபேன் ஒரு பாகை இறக்கினாலே பெரிது. காற்றிலேயே அவ்வளவு ஈரம், தேவையும் இல்லை.

ஆகவே மச்சான், வாங்காதே. முதலில் பரல் வாங்கு. பரல் வைக்க இடமில்லையென்றால் ஃபேனும் வேண்டாம், த்வைட்டேசியும் வேண்டாம். கிரிப்டோகொரைன் வென்டியை நடு, அது வன்மையான தண்ணீரையும் சமாளிக்கும். நான் மட்டும் இந்த விலைக்கு இன்னொரு ஃபேன் வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டேன். அந்தப் பேரிங் திரும்பவும் போகும், தெரியும்.