அடையாறில் ஐம்பதைக் கடந்தோருக்கான உடற்பயிற்சிக்கூடம்: ஆறு மாத அனுபவம்

அடையாறில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கென்றே நடத்தப்படும் சிறிய உடற்பயிற்சிக்கூடத்துக்கு ஆறு மாதங்களாகச் சென்று வருகிறேன். எனக்கு வயது 61, எடை 84 கிலோ. பருத்த உடம்புக்கு எலும்பு உறுதியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பின் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பெண்) -1.9 என்று வந்ததும், -2.5-க்கு இறங்கினால் அது எலும்பு எளிதில் முறியக்கூடிய எலும்புப்புரை நோய் என்று மருத்துவர் எச்சரித்ததும்தான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தன.

முதல் நாள் பயிற்றுநர் எடையைத் தூக்கச் சொல்லவில்லை. இரத்த அழுத்தம், முழங்கால் வலி, பழைய எலும்பு முறிவு என அனைத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டபின், எலும்புக்குள் இருக்கும் மென்மையான திசுவான மஜ்ஜையைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். பிறக்கும்போது எலும்புகளுக்குள் பெரும்பாலும் இரத்த அணுக்களை உண்டாக்கும் சிவப்பு மஜ்ஜையே இருக்கிறது. வயது ஏற ஏற, கை கால் எலும்புகளில் தொடங்கி, கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜை அதன் இடத்தைப் பிடிக்கிறது. எலும்பைக் கட்டும் செல்லும் கொழுப்பு செல்லும் மஜ்ஜையிலுள்ள ஒரே வகை ஸ்டெம் செல்லிலிருந்து (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) உருவாகக்கூடியவை என்பதால், முதுமையும் உடல் பருமனும் அந்தச் செல்களைக் கொழுப்பின் பக்கம் சாய்க்கும்போது எலும்புக்குச் சேர வேண்டிய பங்கு குறைந்துபோகிறது. உடல் சுமை தாங்கும்போது எலும்பில் விழும் அழுத்தமோ அவற்றை எலும்பின் பக்கம் திருப்ப உதவுகிறது. கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்குக்கூட, ஓடவிட்டபோது மஜ்ஜைக் கொழுப்பு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைக் கேட்ட பிறகு, நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காரும் சாதாரணப் பயிற்சியைக்கூட நான் ஒரு நாளும் தட்டிக்கழித்ததில்லை. டம்பெல்லின் எடையை அவர்கள் அவசரமின்றிக் கூட்டுவதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால், வரவேற்பறையில் உள்ள பலகையை நான் ஏற்கவில்லை. மூன்று மாதத்தில் மஜ்ஜைக் கொழுப்பு கரையும் என்றும், அதை டெக்ஸா ஸ்கேன் எடுத்து நிரூபிப்பதாகவும் அதில் எழுதி, அந்த ஸ்கேனுக்குத் தனிக் கட்டணமும் குறித்திருக்கிறார்கள். டெக்ஸா அளப்பது எலும்பின் தாது அடர்த்தியை. மஜ்ஜைக் கொழுப்பை அளக்க எம்.ஆர்.ஐ. போன்ற வேறு முறை வேண்டும். அடர்த்தியில் ஏற்படும் மாற்றமும் மூன்று மாதத்தில் தெளிவாகத் தெரிந்துவிடாது. இதைவிடக் கவலை தருவது, அந்தப் பலகையைப் படித்துவிட்டு இரவு உணவை அடியோடு நிறுத்திய ஒரு தோழியின் நிலை. தொப்பைக் கொழுப்பைப் போன்றதன்று மஜ்ஜைக் கொழுப்பு. கடுமையாகப் பட்டினி கிடந்தால் அது கூடவும் செய்யும். நிர்வாகியிடம் இருமுறை எடுத்துச் சொல்லியும் பலகை அப்படியே இருக்கிறது.

கூடம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. படிக்கட்டின் ஒரு பக்கத்தில் கைப்பிடி இல்லாததை, எலும்பு தேய்ந்தவர்கள் வந்துபோகும் இடத்தில் பெருங்குறையாகவே கருதுகிறேன். மாலையில் நெரிசல் அதிகம். காலை ஆறரை மணி வகுப்பே நல்லது.

அடுத்த ஆறு மாதங்களுக்கும் பயிற்சிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டேன். ஸ்கேனுக்கு மட்டும் பணம் கட்டவில்லை. அதை எப்போது மீண்டும் எடுப்பது என்பதை என் மருத்துவரிடமே கேட்டுக்கொள்வேன்.