ஒட்டுமீசையைக் கழற்ற ஐபிஎம் (IPM): ஆறு வருட அனுபவம்

மேடை நாடகங்களுக்கும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் மேக்கப் போடுகிறேன். இந்த வேலையில் மீசை, தாடி ஒட்டுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கழற்றுவதுதான் கஷ்டம். ஒரு ஆண்டு விழாவில் கட்டபொம்மனாக நடித்த பையனுக்கு ஸ்பிரிட் கம் என்ற பசை வைத்து மீசை ஒட்டியிருந்தேன். நாடகம் முடிந்து பிய்த்தபோது மேலுதடு சிவந்து, அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. என் பையில் அன்று தேங்காய் எண்ணெயும் பஞ்சும்தான் இருந்தன. அந்தப் பிள்ளையின் முகம் மனதை விட்டுப் போகாமல்தான் வேறு வழி தேடினேன். கிடைத்தது ஐசோப்ரோப்பைல் மிரிஸ்டேட். சுருக்கமாக ஐபிஎம்.

நிறமோ வாசனையோ சொல்லும்படி இல்லாத, மெல்லிய எண்ணெய் போன்ற திரவம் இது. தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பாருங்கள். சட்டென்று பரவும், கொஞ்ச நேரத்தில் பிசுபிசுப்பு போய் தோல் வழுவழுவென்று இருக்கும். கிரீம், லோஷன் தயாரிப்பவர்கள் இதை விரும்புவது இந்தக் குணத்துக்காகத்தான். பொதுவாக 1 முதல் 10 சதவீதம் வரை சேர்ப்பார்கள்.

மிரிஸ்டிக் அமிலத்தையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலையும் இணைத்தால் வரும் எஸ்டர் இது. அந்த அமிலத்துக்கு ஜாதிக்காயின் தாவரப் பெயரான மிரிஸ்டிகாவிலிருந்துதான் பெயர் வந்தது. நம் தேங்காய் எண்ணெயிலும் அது கணிசமாக உண்டு. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நாளானால் சிக்கு வாடையும் வரும். ஐபிஎம் மார்கழிக் குளிரிலும் தண்ணீர் போல ஓடுகிறது. திறந்து ஒரு வருடமான பாட்டிலிலும் வாடை வரவில்லை.

சரி, கழற்றும் விதம். ஸ்பிரிட் கம் என்பது ஆல்கஹாலில் கரைத்த பிசின். ஆல்கஹால் ஆவியானதும் பிசின் தோலைக் கவ்விக்கொள்கிறது. மறுபடி ஆல்கஹால் தொட்டால் இளகும்தான், ஆனால் சவரம் செய்த கன்னத்தில் எரிச்சல் தாங்காது. ஐபிஎம் பட்டால் தோல் எரிவதில்லை. காதுக் குச்சியை அதில் நனைத்து மீசையின் ஒரு ஓரத்தில் மட்டும் தடவுவேன். ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும், இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பிறகு மீசை முடியைக் கோத்திருக்கும் வலைத்துணியான நெட்டின் விளிம்பை நகத்தால் தூக்கினால் பிசின் மெல்லிய நூலாக இழுபடும். அந்த நூல் மேல் குச்சியை வைத்துக்கொண்டே உள்ளே நகர வேண்டும். இழுக்கவே கூடாது, தானாக விட்டுக்கொடுக்கும். முழுத் தாடிக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். கண், வாய்ப் பக்கம் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. ஒரே நாளில் இரண்டு காட்சி இருந்த ஒரு நாள், முதல் காட்சி முடிந்ததும் ஐபிஎம்மால் துடைத்துவிட்டு டிஷ்யூவால் ஒற்றியதோடு விட்டுவிட்டேன். இரண்டாம் காட்சியில் பாதி வசனத்திலேயே மீசையின் வலது முனை தொங்கிவிட்டது. தோலில் எண்ணெய்ப் படலம் மிச்சமிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. இப்போது சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, நன்றாக உலர்ந்த பிறகுதான் அடுத்த ஒட்டு.

ரப்பர் குமிழ் வைத்த டிராப்பரில் ஊற்றி வைத்தேன், அதுவும் தவறு. சில வாரங்களில் குமிழ் ஊதிப் பெருத்து, விரலில் ஒட்டும் பதத்துக்கு வந்துவிட்டது. ஐபிஎம் ரப்பரை உப்பவைத்துக் கரைக்கும், சில பிளாஸ்டிக்குகளையும் உப்பவைக்கும். கண்ணாடி பாட்டில்தான் சரி.

மூன்றாவது, பரு. எண்ணெய்ப் பசையுள்ள முகங்களில் இது துளைகளை அடைக்கும் என்ற பெயர் ஐபிஎம்முக்கு வெகு நாளாக உண்டு. என் அனுபவமும் அதுதான். தொடர்ந்து ஒரு வாரம் நாடகம் போட்டபோது ஒரு இளம் நடிகருக்குத் தாடைக் கோட்டில் பொரிப்பொரியாக வந்தது. உடனே கழுவுபவர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. வறண்ட கை, முழங்காலுக்கு மனதாரப் பரிந்துரைப்பேன், பரு வரும் முகத்தில் பூசி விட்டுவைக்க மாட்டேன்.

மருந்துத் துறையில் இதன் வேலை இன்னும் பெரிது. பாதி ஐபிஎம், பாதி சைக்ளோமெத்திகோன் என்ற சிலிகான் திரவம் கலந்த பேன் மருந்து பிரிட்டனில் விற்கப்பட்டிருக்கிறது. பேனின் மேல்தோல் மெழுகை அது கரைப்பதால் பேன் நீரிழந்து சாகிறது, பூச்சிக்கொல்லி எதுவும் தேவையில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லில் இதைச் சேர்ப்பதுண்டு, மருந்து தோலுக்குள் இறங்க இது உதவும் என்பதால்.

அந்தக் கடைசி விஷயம் தெரிந்த பிறகு என் பழக்கம் ஒன்று மாறியது. உட்கார்ந்ததும் முகத்தில் ஏதாவது களிம்பு பூசியிருக்கிறீர்களா என்று கேட்டுவிடுகிறேன். ஸ்டீராய்டு களிம்பு என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவருக்கு ஒட்டு கிடையாது, ஐபிஎம்மும் கிடையாது. இயக்குநரிடம் சொல்லிவிட்டுப் பென்சிலால் மீசை வரைந்துவிடுகிறேன்.