உப்புக் காற்றில் 23 வருடம்: என் ஹோண்டா சிட்டி விடெக்

2002-இல் மதுரையில் எடுத்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இன்றும் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள மண்டபம் என்ற கடலோர ஊரில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. மீட்டர் 2,38,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதுவரை என்ஜினைப் பிரித்ததில்லை. ஆனால் உப்புத் துருவால் பாடியை இரண்டு தடவை வெட்டி ஒட்டியாகிவிட்டது.

1,493 சிசி, 106 குதிரைத்திறன், வண்டியின் எடை ஒரு டன்னை ஒட்டி. நிதானமாக ஓட்டினால் சாதுவான குடும்ப வண்டி. ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 5,000-ஐத் தாண்டினால் விடெக் விழித்துக்கொள்ளும்: ஆயில் அழுத்தத்தில் ஒரு சின்ன உலோக முளை நகர்ந்து, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகள் பெரிய கேமுக்கு (வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு) மாறும். இன்னும் ஆழமாக, இன்னும் கொஞ்ச நேரம் திறக்கும். சத்தமே வேறாகிவிடும். ஏர்வாடி தாண்டி சாயல்குடி போகும் வழியில் உப்பு லாரியை முந்த மூன்றாவது கியரில் மிதிக்கும்போது அந்த இழுப்பு எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இதையெல்லாம் செய்வது ஆயில் என்பதால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிவிடுவேன், ஒரு நாளும் தள்ளிப்போட்டதில்லை. வால்வுகளையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான், லட்சம் கி.மீ.க்கு ஒன்று. அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

பாடி கதை வேறு. கச்சான் (மேல்காற்று) வீசும் மாதங்களில் காலையில் கண்ணாடியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும், அத்தனையும் உப்பு. 2009-இல் ஒருநாள் கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டை அழுத்தினேன், கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. ராமநாதபுரத்தில் டிங்கர் வேலை பார்க்கும் தம்பி, "அண்ணே, எந்தத் தண்ணில கழுவுறீங்க?" என்றுதான் முதலில் கேட்டான். எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்பு. ஏழு வருடமாக வண்டியை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறேன்! அன்றிலிருந்து வாடை மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கிறேன். தீர்ந்தால் லாரித் தண்ணீர். மேலே ஈரத்துணி போதும், தண்ணீர் முழுக்க வீல் ஆர்ச்சுக்கும் அடிப்பாகத்துக்கும்தான். வருடம் ஒருமுறை அண்டர்பாடி கோட்டிங், அதாவது அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு.

2017-இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குத் தார் ரோடு வரும்வரை தனுஷ்கோடிக்கு ஜீப்தான். இப்போது விருந்தாளி வந்தால் நம் வண்டியிலேயே போகிறோம். மறுநாள் காலையில் அடிப்பாகத்தைக் கழுவாமல் வேறு வேலை தொடங்க மாட்டேன். பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும் நாட்களில் இந்த எடைக்கு வண்டி ஒதுங்கும். 40-க்கு மேல் போவதில்லை.

மற்றபடி கிளட்ச் பிளேட் இரண்டு முறை, ஷாக் அப்சார்பர் ஒரு முறை. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்தபின் பெட்ரோல் போகும் பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றிப் புதிதாகப் போட்டேன். மைலேஜ் வெளியூர் ஓட்டத்தில் 14.

கடலோரத்தில் பழைய விடெக் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறக்கும் முன் ஜாக்கி போட்டு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கிக் கால் வைக்கும் தகட்டைத் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் விலை பேசலாம். 'தொப்' என்றால், என்ஜின் எவ்வளவு இனித்தாலும் விட்டுவிடுங்கள்.

என் வண்டியின் ஆர்.சி.யை 2017-இலும் 2022-இலும் புதுப்பித்தேன். அடுத்தது 2027. பின் இடது வீல் ஆர்ச்சில் பெயின்ட் மறுபடி கொப்புளித்திருக்கிறது. மழை விட்டதும் தம்பியிடம் கொண்டுபோக வேண்டும்.