ஓசூரில் பேச்சு இந்தி: யாரோடு பேசிப் பழகலாம்?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு இந்தி பேச ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. லைனில் பக்கத்தில் நிற்பவரே பீகாரோ ஜார்க்கண்டோ ஒடிசாவோதான். ஆனால் எல்லாரையும் 'இந்திக்காரர்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களில் யாரோடு பழகுகிறோமோ அவருடைய இந்திதான் நம் வாயில் வரும்.

மற்ற வழிகளை முதலில் பார்த்துவிடலாம். தக்ஷிண பாரத இந்தி பிரச்சார சபா 1918இல் காந்தியின் முயற்சியில் தொடங்கியது. பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று படிப்படியாகத் தேர்வு. எழுத்தும் இலக்கணமும் ஒழுங்காகப் பதியும். வாய் திறப்பது தனி வேலை. டூயோலிங்கோ போன்ற செயலி இந்தியை ஆங்கிலத்தின் வழியாக விளக்குகிறது. நமக்கு அது சுற்றுவழி. இந்தியிலும் வினை கடைசியில்தான் வரும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதை அவர்களும் 'முஜே' என்று 'எனக்கு'வில்தான் தொடங்குகிறார்கள். ஹலோடாக், டேண்டம் போன்ற மொழிப் பரிமாற்றச் செயலிகள் வழியாக டெல்லிப் பக்கத்து ஆள் கிடைக்கலாம். பேச்சு சுத்தமாக இருக்கும், ஆனால் அவருக்கு வேண்டியது பெரும்பாலும் ஆங்கிலப் பயிற்சி. நம் தமிழுக்கு அங்கே மதிப்பில்லை.

சிப்காட் நண்பருக்கோ தமிழ் தேவை. மருந்துக்கடை, வீட்டு ஓனர், பஸ் என்று எல்லாவற்றுக்கும். அதனால்தான் பண்டமாற்று இங்கே நிற்கிறது: கால் மணி நேரம் இந்தி மட்டும், அடுத்த கால் மணி நேரம் தமிழ் மட்டும். கலந்து பேசினால் இருவரும் உடைந்த ஆங்கிலத்தில் போய் நிற்பார்கள்.

சரி, அவர் பேசும் இந்தி எப்படி? பீகார்க்காரர் பலருக்கு வீட்டு மொழி போஜ்புரி, மகஹி அல்லது மைதிலி. 'நான்' என்பதற்கு 'மை' என்று புத்தகம் சொல்லும். அவர் 'ஹம்' என்பார். இறந்தகாலத்தில் எழுவாயோடு சேரும் 'நே' பல நேரம் காணாமல் போகும். ஒடிசாக்காரருக்கோ இந்தி நம்மைப் போலவே கற்றுக்கொண்ட மொழி. ஒடியா வினையில் ஆண்பால் பெண்பால் கிடையாது, அதனால் இந்தி வினையின் ஆண்பால் பெண்பாலில் அவரும் தடுமாறலாம். ஷாப் ஃப்ளோருக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. வடக்கே மாற்றலாகிப் போகப் போகிறவர் என்றால் லக்னோ, கான்பூர் பக்கத்து ஆள் கிடைக்கிறாரா என்று விசாரிக்கலாம்.

கிருஷ்ணகிரி டவுனில் இன்னொரு வாய்ப்பு உண்டு: தலைமுறைகளாக வீட்டில் உருது பேசும் பாய் வீட்டார். அவர்கள் பேசுவது தக்கினி. 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'எனக்கு' என்பதற்கு 'மேரேகு'. இதோடு பாட்னா போனால் சிரிப்பார்கள், ஆனாலும் புரிந்துகொள்வார்கள். தமிழும் தெரிந்தவர் என்பதால் சந்தேகத்தைத் தமிழிலேயே தீர்த்துவைப்பார். வேறு எந்தப் பேச்சு ஜோடியிடமும் இது கிடைக்காது. சிக்கலும் அதுவேதான்: கொஞ்சம் திணறினாலும் இருவரும் தமிழுக்குத் தாவிவிடுவீர்கள்.

ஊரைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் உண்டு. ஆண் 'ஜாத்தா ஹூன்' என்பான், பெண் 'ஜாத்தீ ஹூன்' என்பாள். ஆணிடம் மட்டும் பழகும் பெண், காதில் விழுந்ததை அப்படியே சொல்லி ஆண்பாலில் பேசத் தொடங்குவாள். பெண்களுக்குப் பெண் ஜோடியே தோது. அடுத்தது, உங்களுக்குக் கீழே வேலை செய்பவரை ஜோடியாக்காதீர்கள். சூப்பர்வைசரின் இந்தியை எந்த ஹெல்பரும் திருத்த மாட்டார். 'பஹுத் அச்சா சார்' என்று முடித்துவிடுவார். வேறு டிபார்ட்மென்ட் ஆள், அல்லது பக்கத்து ரூம்காரர் நல்லது.

என் ஓட்டு சிப்காட் நண்பருக்கே, கூடவே பிராத்மிக் பாடப்புத்தகமும். 'நே'யும் ஆண்பால் பெண்பாலும் புத்தகத்திலிருந்து, வேகமும் காதும் அவரிடமிருந்து. முக்கியமாகக் காது: நம் ஒரே 'க'வுக்கு அங்கே நான்கு எழுத்து. சாப்பாட்டுக்கான இந்திச் சொல்லும் பாட்டுக்கான சொல்லும் தமிழ் எழுத்தில் ஒரே 'கானா'தான். அவர் சொல்லக் கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறும், ஹோலிக்கும் தீபாவளியை ஒட்டிய சத் பூஜைக்கும் ஊருக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அந்த இடைவெளிக்குப் பதிவுகள் உதவும்.

தர்மபுரிப் பக்கம் ஓசூர் அளவுக்குச் சிப்காட் கூட்டம் கிடையாது. அங்கே இருப்பவர்கள் ஹலோடாக்கில் தொடங்கலாம், தமிழ் கற்க விரும்பும் ஆள் என்று குறிப்பாகத் தேடி.