ஒரு மஞ்சள் லைற்றும் 1,486 பவுணும்

மோட்டர்ஹோம் (படுத்து, சமைத்துப் பயணம் போகிற வீட்டு வண்டி) வைத்திருக்கிற ஆட்களும், பிள்ளைகளின் லீவுக்கு ஒன்று வாங்கலாமோ என்று யோசிக்கிற ஆட்களும் இதை ஒருக்கா வாசியுங்கோ. கராஜின் பெயரைக் கேட்டு உள்பெட்டிக்கு வரவேண்டாம், சொல்லமாட்டேன். அவர்கள் எனக்குச் செய்ததை எந்த ஊர்க் கராஜும் செய்யலாம்.

எங்களுடையது 2012ஆம் ஆண்டு ஃபியற் டுக்காட்டோ, 2.3 லீற்றர் டீசல். பேஜோ பொக்சரும் சித்ரோன் றிலேயும் இதே வாகனம்தான், முகம் மட்டும் வேறு. ஐரோப்பாவில் ஓடுகிற மோட்டர்ஹோம்களில் எக்கச்சக்கமானவை இந்தச் சசியில், அதாவது அடிச்சட்டத்தில், கட்டியவை. ஆனபடியால் என் கதை உங்கள் வாகனத்தின் கதையாகவும் இருக்கலாம்.

போன ஆவணியில் லண்டனில் இருந்து ஸ்கொட்லாந்துக்கு வெளிக்கிட்டோம். பேர்த் தாண்டி இன்வர்னஸ் பக்கம் போகிற ஏ9 றோட்டில் ட்ரமொக்டர் கணவாய் என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. உச்சி 460 மீற்றர் வரும். கொட்டுகிற மழை. பாதி ஏற்றத்தில் எஞ்சின் லைற் மஞ்சளாய் எரிந்தது. ஒரு நிமிசம் போகவில்லை, ஏபிஎஸ் லைற்றும் சேர்ந்துகொண்டது. அக்சிலறேற்றர் பெடலை அடிமட்டம் மிதித்தாலும் வாகனம் கேட்கவில்லை. 30 மைல் வேகத்தில் ஊர்ந்தது. பின்னால் லொறிக்காரன் லைற் அடிக்கிறான், உள்ளே சின்னவள் அழுகிறாள்.

ஒரு மாதிரி றோட்டோரம் வாகனம் ஒதுக்குகிற லேபை ஒன்றில் ஒதுக்கினேன். என்னிடம் 15 பவுணுக்கு வாங்கின ப்ளூடூத் கோட் றீடர் ஒன்று இருந்தது; வாகனக் கொம்பியூற்றர் பதிந்து வைக்கிற பிழை நம்பர்களை, அதாவது கோட்டுகளை, வாசிக்கிற கருவி. டாஷ்போர்ட்டுக்குக் கீழே இருக்கிற 16 பின் சொக்கற்றில் குத்தினேன். நாலு கோட் வந்தது. பி2138: பெடலில் உள்ள இரண்டு சென்சரும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பி2100: எஞ்சினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்துகிற த்ரொற்றில் மோட்டரின் சேர்க்கிற்றில் பிழை. பி0403: புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடுகிற ஈஜிஆர் வால்வின் சேர்க்கிற்றில் பிழை. பி0562: மின்னழுத்தம் குறைவு. நாலையும் போனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தேன். முழுப் பயணத்திலும் நான் செய்த ஒரே புத்தியான வேலை அது.

எஞ்சினை நிற்பாட்டி, தேத்தண்ணி வைத்துக் குடித்து, 20 நிமிசம் கழித்து எடுக்க, வாகனம் ஒன்றும் நடக்காததுபோல இழுத்தது. லைற் மட்டும் போகவில்லை.

அடுத்த நாள் வழியில் இருந்த ஒரு சின்ன ஊரில் கராஜுக்கு விட்டோம். முன்மேசையில் இருந்தவர் நல்ல மரியாதையான ஆள், பிள்ளைகளுக்கு பிஸ்கற்றும் கொடுத்தார். கொம்பியூற்றரில் குத்தினார்கள், அரை மணித்தியாலத்தில் தீர்ப்பு வந்தது: பெடல் பழுது, த்ரொற்றில் பொடி பழுது, ஈஜிஆர் பழுது. மூன்றும் மாற்றவேண்டும். நாலாவது கோட்டைப் பற்றிக் கேட்டேன். "அது பெரிய விசயமில்லை, மற்றதுகளைச் செய்தால் தானாய்ப் போயிடும்" என்றார்கள். மூன்று கோட்டுக்கு மூன்று சாமான் விற்றார்கள்; நாலாவதற்கு என்ன விற்பது என்று அவர்களுக்கு அந்த நேரம் யோசனை வரவில்லைப்போல.

மூன்று தனித்தனிச் சாமான் ஒரே ஏற்றத்தில், ஒரே நிமிசத்தில், எப்படிப் பழுதாகும்? பச்சைப்பிள்ளை கேட்கிற கேள்வி. நான் கேட்கவில்லை. லீவு நாள் ஓடுது, காம்ப்சைற் காசு ஓடுது என்ற அவதி.

பில் இது: பெடல் 212, த்ரொற்றில் பொடி 338, ஈஜிஆர் 396, ஐந்து மணித்தியாலக் கூலி 450, பரிசோதனைக்கு 90. மொத்தம் 1,486 பவுண். கழற்றின பழைய சாமான்களைத் தாங்கோ என்று கேட்டேன். பெடலை மட்டும் ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். மற்றதெல்லாம் "குப்பைக்குப் போட்டுது" என்றார்கள்.

சரியாய் 40 மைல் ஓடினோம். மழை தொடங்கியது. அதே லைற், அதே செத்த பெடல்.

திரும்பிப் போனால் அதே மரியாதை, அதே பிஸ்கற். இப்போது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற ஆல்டர்னேற்றரைப் பார்க்கவேணுமாம், 600 வரும். "இல்லாட்டி லைற்றை அழிச்சு விடட்டோ?" என்றும் ஒரு கேள்வி. இந்த அழிக்கிற வேலைக்கு ஆட்கள் விருப்பமாய் ஓமென்று சொல்லுவார்கள், ஏனென்றால் 2018 மே மாதத்தில் இருந்து எஞ்சின் லைற் எரிந்தால் எம்ஓரி, அதாவது வருசாந்த வாகனப் பரிசோதனை, பெயில். 2008 யூலைக்குப் பிறகு றோட்டுக்கு வந்த டீசல் வாகனங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் கோட்டை அழித்தால் பிழை போகாது, தடயம்தான் போகும். கோட் விழுந்த நேரத்தில் எஞ்சின் என்ன வேகம், என்ன சூடு என்று அதோடு பதிந்திருக்கும் விபரமும் சேர்ந்து அழியும்.

நான் மாட்டேன் என்றேன். பயணத்தை அதோடு முறித்து, மெல்ல மெல்ல லண்டன் திரும்பினோம். கார்லைல் தாண்டும்போது மனிசி சொன்னா: "இஞ்சருங்கோ, மழை பெய்யேக்க மட்டும்தானே இது வருது?" ஓமென்று எனக்கும் உறைத்தது. பிறகுதான் வடிவாய் யோசித்தேன். மழை என்றால் வைப்பர், ஹெட்லைற், கண்ணாடி ஆவி போக ஹீற்றர் ஃபான். போதாக்குறைக்கு ஓடும்போது பிறிட்ஜும் 12 வோல்ற்றில் வேலை செய்கிறது. அது தனியாகவே 10 அம்பியருக்கு மேல் இழுக்கும். எல்லாவற்றையும் நிற்பாட்டி, பெடலை மிதித்தேன். வாகனம் சீறிக்கொண்டு போனது.

சவுத்தோலில் ஒரு வயதான பஞ்சாபி ஓட்டோ எலெக்ரீசியன். ஸ்கிரீன்ஷொட்டைக் காட்ட, அவர் முதலில் விரல் வைத்தது பி0562இல். கொம்பியூற்றரைத் தொடவேயில்லை. மல்ரிமீற்றரை டிசி வோல்ற்றில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் மைனசில் பிடித்து, மற்ற முனையை எஞ்சின் உலோகத்தில் குத்தி, என்னை ஸ்ராட் பண்ணச் சொன்னார். அரை வோல்ற்றுக்குள் நிற்கவேண்டிய இடத்தில் 1.8 காட்டியது. பிறகு ஒரு ஜம்ப் லீட்டை எடுத்துப் பற்றரி மைனசையும் எஞ்சினையும் நேரே தொடுத்தார். ஹெட்லைற், வைப்பர், ஃபான், பிறிட்ஜ் எல்லாம் போட்டு மிதிக்க, ஒரு பிழையும் இல்லை.

வாகனத்துக்குக் கீழே படுத்துக் காட்டினார். கியர்பொக்ஸில் இருந்து சசிக்குப் போகிற பின்னல் எர்த் பட்டி. பாதி இழை அறுந்து, மிச்சம் பச்சை பிடித்து, போல்ற் முழுக்கக் கறள். வண்டியின் உடம்பில் இருக்கிற லைற், ஃபான், பிறிட்ஜ் எல்லாம் எடுக்கிற மின்சாரம் ஆல்டர்னேற்றருக்குத் திரும்புகிற வழி அதுதான். அந்த வழி ஒடுங்கினால் எஞ்சினின் எர்த்தும் சசியின் எர்த்தும் ஒரே மட்டத்தில் நிற்காது. சென்சர்கள் வேலை செய்வதோ 5 வோல்ற்றுக்குள். அங்கே சின்ன விலகல் வந்தாலே கொம்பியூற்றருக்குப் பெடல் பொய் சொல்வதுபோலத் தெரியும். உடனே பாதுகாப்புக்கு எஞ்சின் பலத்தை இறுக்கிப்போடும். டுக்காட்டோவில் இந்தப் பட்டி உக்குவது ஊருக்கே தெரிந்த வருத்தம் என்று மனிசன் சிரித்தார். புதுப் பட்டி 18 பவுண், கூலி 70.

அதோடு விட்டிருந்தால் கராஜ்காரர் விசயம் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன். பொனற்றுக்குள் தலையைவிட்ட மனிசன் கேட்டார், "ஈஜிஆர் மாத்தினதெண்டா சொன்னனீ?" அதன் போல்ற்றுகளில் வருசக்கணக்குக் கறள், ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. த்ரொற்றில் பொடியும் அப்படித்தான்: கரி அப்பின பழசு, பிளக்கில் பத்து வருசத்து ஊத்தை. மாற்றினது பெடல் ஒன்றுதான். கண்ணுக்கு முன்னால், காலுக்குக் கீழே இருக்கிற சாமான் அது, மாற்றாமல் விட்டால் பிடிபட்டிருப்பார்கள். சுத்தமாய்ப் பேய்க்காட்டிப்போட்டார்கள்.

படங்கள் எடுத்து, அவரிடம் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வாங்கினேன். இங்கே 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும். செய்யாவிட்டால் திருப்பிச் செய், அல்லது காசைக் குறை என்று கேட்கலாம். கராஜுக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை. நல்லகாலம் கிரெடிற் காட்டில் கட்டியிருந்தேன். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில், 100 பவுணுக்கு மேல் 30,000 வரையான சாமானுக்குக் காட் கொம்பனியும் பொறுப்பு. ஏழு கிழமையில் 734 பவுண் திரும்பி வந்தது, மாற்றாத இரண்டு சாமானின் விலை. கூலிக்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். டெபிற் காட் என்றால் இந்த 75 பொருந்தாது, கவனம்.

வேலை தொடங்க முதலே, கழற்றுகிற சாமான் எல்லாம் எனக்கு வேணும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கோ. எந்த அளவீட்டை வைத்து இந்தச் சாமான் பழுது என்று சொல்கிறாய் என்று கேளுங்கோ; கோட் நம்பரை மட்டும் திருப்பிச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ. காசு கட்டாமல் வாகனத்தைத் தரமாட்டேன் என்று நின்றால், ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று பில்லில் எழுதிப்போட்டுக் கட்டுங்கோ. இதெல்லாம் மஞ்சள் லைற்றுக்கு. சிவப்பு எண்ணெய் லைற் என்றால் எஞ்சினை உடனே நிற்பாட்டுங்கோ.

அந்தப் பழைய பெடலையும் சவுத்தோல்காரரிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். மெல்ல மெல்ல அமத்த, இரண்டு சென்சரும் ஒன்றாய் ஏறின. ஒன்று மற்றதின் சரிபாதி, அப்படித்தான் இருக்கவேணுமாம். அதில் ஒரு பழுதும் இல்லை. இப்போது ஷெட்டில் இருக்கிறது, தேவைப்பட்டால் வந்து எடுங்கோ.