பாஸ்வேர்ட் நோட்டா, பாஸ்வேர்ட் மேனேஜரா?

நோட்டில் எழுதி வைப்பதைச் சிலர் கேலி செய்வார்கள். ஆனால் பீரோவுக்குள் இருக்கும் நோட்டை எங்கிருந்தோ ஒரு ஹேக்கர் திருட முடியாது. பாஸ்வேர்ட் மேனேஜர் என்பது எல்லா பாஸ்வேர்டுகளையும் சேர்த்து வைக்கும் செயலி. அப்படி ஒன்றை நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து 2022இல் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்ட் பெட்டகங்களின் நகலே களவு போனது. பாஸ்வேர்டுகள் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கத்தில்தான் இருந்தன. ஆனாலும் பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டைச் சுலபமாக வைத்தவர்களுக்கு ஆபத்துதான்.

நோட்டின் சிக்கல் வேறு. ஒவ்வொரு முறையும் கையால் தட்ட வேண்டுமே என்று சின்னதாக, ஒரே மாதிரி வைக்கத் தோன்றும். பிட்வார்டன் போன்ற செயலி, 20 எழுத்தில் தாறுமாறாக ஒன்றை உருவாக்கித் தானே நிரப்பிவிடும். அப்புறம், வங்கியின் தளத்தை அப்படியே நகலெடுத்த போலிப் பக்கம் வந்தால் நம் கண் ஏமாறும். செயலி தள முகவரியைத்தான் பார்க்கும். அதில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நிரப்ப முன்வராது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

செயலி பழகாத பெரியவர்களுக்கு, சரி, நோட்டே இருக்கட்டும்.